சுவருக்கு வாயும் உண்டு

சுவருக்கும் காது உண்டு என்பது நம் முன்னோர் வாக்கு. ‘பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்றும் அவர்கள் நம்மை எச்சரித்து வைத்தனர். கொழும்பு மாநகரிலே புதிதாக எழும்பும் தொடர்மாடிகளிற் குடிபுகுந்தோரைக் கேட்டால், இம்முதுமொழிகள் பாதி உண்மையையே கூறுகின்றன என்பர். அவர்தம் வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமன்று, வாயும் உண்டு. அடுத்த வீட்டார் எந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கின்றனர், மேல்வீட்டுக் குழந்தை எத்தனை மணிக்குப் பந்து உருட்டுகின்றது, பின்வீட்டுப் பெரியவர் இரவில் எத்தனை முறை எழுந்து நீர்க்குழாயைத் திறக்கின்றார் என்பனவற்றையெல்லாம் அச்சுவர் ஒளிவுமறைவின்றி ஒப்புவித்துவிடுகின்றது.

கேட்போருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், ஊரிலிருந்த காணியை விற்று, வங்கியிலே கடன்பட்டு, பிறநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து ஒரு மனையை வாங்கிய குடும்பத்துக்கு இது வேடிக்கையன்று. கடல் தெரிகின்றதா, மின்தூக்கி உண்டா, தரையோடு பளபளக்கின்றதா என்று பார்த்து வாங்குவோர் பலர். சுவரைத் தட்டிப் பார்த்து வாங்குவோர் சிலர். குடிபுகுந்த முதல் இரவிலேதான் உண்மை வெளியாகின்றது. மூத்தோரின் உறக்கம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கவனம், அயலவரோடு கொள்ள வேண்டிய நல்லுறவு ஆகிய மூன்றும் அன்றே ஆபத்துக்குள்ளாகின்றன. ஆதலின் இத்தொல்லையின் காரணத்தையும், இயன்ற பரிகாரத்தையும் சற்று விரிவாக ஆராய்வோம்.

ஊர் வீடும் மாடி வீடும்

யாழ்ப்பாணத்து வளவு வீட்டிலே கிடுகு வேலிக்கு ஓசையைத் தடுக்கும் ஆற்றல் ஏதும் இருந்ததில்லை. அங்கே நம்மைக் காத்தது வேலியன்று, தூரமே. வெட்டவெளியில், ஓசை பிறக்கும் இடத்திலிருந்து தூரம் இருமடங்காகுந்தோறும் அதன் அளவு 6 டெசிபெல் குறைந்துவிடும். பத்தடித் தூரத்தில் 70 டெசிபெலாகக் கேட்கும் ஓசை, எண்பதடி கடந்ததும் 52 டெசிபெலாகிவிடும். காற்றில் அசையும் தென்னோலையின் சலசலப்பு எஞ்சியதையும் மூடிவிடும். தொடர்மாடியிலோ வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தூரம் சில அங்குலமே. எண்பதடி வளவு செய்த வேலையை ஒரு மெல்லிய சுவர் செய்ய வேண்டியிருக்கின்றது.

டெசிபெல் என்பது ஓசையை அளக்கும் அலகு. இது சாதாரணக் கணக்கன்று என்பதை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும். அளவு 10 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகின்றது. நமது செவிக்கோ அது ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கின்றது. அமைதியாக உரையாடும் குரல் சுமார் 60 டெசிபெல். இரவில் நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையினுள் இடைவிடாத இரைச்சல் 30 டெசிபெலுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டி கூறியது.

மாடி வீட்டாரின் முறைப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரித் தத்துவஞானி செனெக்கா, நீராடு மண்டபம் ஒன்றின்மேற் குடியிருந்தபோது, கீழிருந்து எழுந்த கூச்சல்களையெல்லாம் ஒரு கடிதத்திலே வரிசைப்படுத்தி எழுதினார். தத்துவஞானிக்கே அந்நிலையெனின், மறுநாட் காலை எட்டு மணிக்கு உத்தியோகத்துக்குச் செல்லவேண்டியவரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

ஓசை வரும் வழி இரண்டு

நோயறியாமல் மருந்து கொடுத்தல் கூடாது. ஓசை நமது வீட்டினுள் நுழையும் வழிகள் இரண்டு. அவற்றைப் பிரித்தறிந்தாலன்றி எப்பரிகாரமும் பயன்தராது.

முதலாவது வழி வளிவழி. பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி ஆகியவை முதலில் வளியை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வு சுவரை அசைக்கின்றது. சுவர் மறுபுறத்து வளியை அசைக்கின்றது. சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது அசைய மறுக்கும். இருபுறமும் சாந்து பூசிய நான்கரை அங்குலச் செங்கற் சுவர் சுமார் 45 டெசிபெலையும், ஒன்பதங்குலச் செங்கற் சுவர் சுமார் 50 டெசிபெலையும் தடுக்கவல்லவை. கனத்தை இருமடங்காக்கினாலும் கிடைக்கும் இலாபம் ஐந்தாறு டெசிபெல் மட்டுமே என்பது இதனாற் புலனாகும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 45 டெசிபெலைத் தடுக்கும் சுவருக்கு அப்பால் 60 டெசிபெலில் ஒருவர் பேசினால் இப்பால் 15 மட்டுமே வந்து சேரும். அது செவிக்கு எட்டாது. உள்ளே வெற்றிடம் கொண்ட இலேசான சீமெந்துக் கல்லைக் கொண்டு, சாந்தையும் மெல்லியதாகப் பூசிக் கட்டிய சுவர் 35 டெசிபெலை மட்டுமே தடுக்குமாயின், அதே பேச்சு 25 டெசிபெலாக நுழையும். நள்ளிரவின் அமைதியில் அதனைச் சொற் சொல்லாகக் கேட்கலாம். அயலவர் சாதாரணமாகவே பேசுகின்றார். அவரை உரத்துப் பேசுபவராக்குவது சுவர்.

இரண்டாவது வழி மோதல்வழி. குதிக்கால் ஊன்றி நடத்தல், கதிரையை இழுத்தல், உரலில் இடித்தல், கதவை அறைந்து சாத்தல் ஆகியவை கட்டடத்தையே நேராகத் தாக்குகின்றன. ஒலி வளியில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கின்றது. கொங்கிறீற்றிலே 3,000 மீற்றருக்கும் அதிகமாக விரைகின்றது. தளம், தூண், சுவர் யாவும் ஒரே உடலாக இணைந்திருப்பதால், மூன்றாம் மாடியில் விழுந்த அடி முதலாம் மாடியிலும் கேட்பதுண்டு.

ஆறங்குலக் கொங்கிறீற்றுத் தளம் சதுர மீற்றருக்குச் சுமார் 360 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே பேச்சொலியை அது நன்றாகவே தடுத்துவிடும். அதன்மேல் ஒட்டிய கடினமான தரையோடோ ஒவ்வோர் அடியையும் சிறிதும் தணிக்காது தளத்துக்குக் கொடுத்துவிடும். மேல்வீட்டார் பேசுவது கேட்காமல் அவர் கதிரை இழுப்பது மட்டும் இடிபோற் கேட்பதன் மர்மம் இதுவே.

பணத்தைக் கரைக்கும் வைத்தியங்கள்

ஓசைத் தொல்லைக்கு ஆளானோர் பலர் முதலிற் செய்வது, கடையிலே விற்கும் மெல்லிய பஞ்சுத் தகடுகளை வாங்கிச் சுவரில் ஒட்டுவதாம். சிலர் முட்டைத் தட்டுகளையும் அடுக்கிப் பார்க்கின்றனர். இவற்றாற் பயனில்லை. ஒலியை உறிஞ்சுதல் வேறு. ஒலியைத் தடுத்தல் வேறு.

அமெரிக்காவிலே ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1895ஆம் ஆண்டு புதிய விரிவுரை மண்டபம் ஒன்றிற் பேசுவோரின் சொற்கள் ஐந்தரை வினாடிவரை எதிரொலித்துக் குழம்பின. அதனைத் திருத்துமாறு பணிக்கப்பட்ட வாலஸ் கிளெமென்ற் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், வேறொரு மண்டபத்து ஆசன மெத்தைகளை இரவிரவாகச் சுமந்துவந்து பரப்பியும் அகற்றியும் அளந்தார். மென்பொருள் எவ்வளவு எதிரொலியை விழுங்கும் என்னும் விதியை அவர் கண்டறிந்தார். 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் நகரத்து இசை மண்டபம் அவ்விதியின் பயனாகும். எனினும் அம்மெத்தைகள் அறையினுள்ளே பிறந்த ஓசையை அடக்கினவேயன்றி, வெளியோசை உள்ளே வருவதைத் தடுத்தவையல்ல. பஞ்சுத் தகடும் அவ்வாறே. வளி எளிதிற் புகும் பொருளினூடாக ஓசையும் எளிதிற் புகும்.

ஸ்கொத்லாந்து அறிஞர் தோமஸ் கார்லைலின் கதை இன்னும் சுவையானது. இலண்டன் செல்சிப் பகுதியிலே அயல்வீட்டுச் சேவல்களும் பியானோவும் அவரை எழுதவிடாது வருத்தின. 1853இலே தமது வீட்டின் உச்சியில் இரட்டைச் சுவர் கொண்ட ஓர் ‘ஓசைபுகா அறை’யைக் கட்டுவிக்கத் தொடங்கினார். சுவருக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாகவே வந்தது. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டி முடித்தபின், வீட்டிலேயே அதிக ஓசை கேட்கும் அறை அதுவாகவே அமைந்தது! அருகிலிருந்த ஓசைகளைச் சுவர் மறைத்தது. தொலைவிலிருந்த ஓசைகள் கூரை வழியே இறங்கின. சுவரை எத்துணைத் தடிப்பாக்கினும், வேறொரு வழி திறந்திருந்தால் முயற்சி வீண் என்பதற்கு இதனிலும் சிறந்த பாடம் வேண்டுமோ?

முதலில் துவாரத்தை அடையுங்கள்

நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தால், மற்றைய தொண்ணூற்றொன்பதும் கருங்கல்லாயினும் அச்சுவர் 20 டெசிபெலுக்குமேல் தடுக்காது. வாசற்கதவை எடுத்துக்கொள்வோம். ஏழடி உயரமும் மூன்றடி அகலமுமுடைய கதவின்கீழ் அரை அங்குல இடைவெளி இருப்பின், கதவு தேக்காயினும் முதிரையாயினும் அது தடுக்கும் எல்லை 22 டெசிபெலே. உள்ளே வெற்றிடமான ஒட்டுப்பலகைக் கதவாயின் அதனையும் எட்டாது. ஆகவே செலவு குறைந்த வேலையை முதலிற் செய்தல் வேண்டும்.

இடைவெளிகளைக் கண்டறிய ஓர் எளிய வழியுண்டு. மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் விளிம்பிலும், யன்னற் சட்டத்திலும், சுவரினூடாகக் குழாய் செல்லும் இடங்களிலும் மெல்லக் கொண்டு செல்லுங்கள். புகை சாயும் இடத்தில் வளி செல்கின்றது. வளி செல்லும் இடத்தில் ஓசையும் செல்கின்றது. கதவுச் சட்டத்திலே இறப்பர்ப் பட்டியும், கதவின் அடியிலே தரையைத் தொடும் தடுப்பும் பொருத்துக. குழாயைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சாந்தினாலோ மீளுந்தன்மையுள்ள பசையினாலோ அடைக்குக.

கூரைத் தட்டின் மேலேயும் பார்க்கவேண்டும். சில கட்டடங்களில் இரு வீட்டுக்கும் இடைப்பட்ட சுவர், போலிக் கூரைத் தட்டோடு நின்றுவிடுகின்றது. அதற்கு மேலே தளம்வரை வெற்றிடமே. சுவரின் இருபுறத்திலும் மின் ஆளிப் பெட்டிகள் நேருக்கு நேராகப் பதிக்கப்பட்டிருப்பின், அவ்விடத்திற் சுவர் இல்லையென்றே கொள்ளலாம். இவை கட்டியவரின் குறைபாடுகள். அவர் செலவிலே திருத்தப்படவேண்டியவை.

இவையாவும் செய்த பின்னரும் பேச்சு கேட்குமாயின், பழைய சுவரைத் தொடாமல் இரண்டங்குலம் விலகித் தனிச் சட்டத்தின்மேல் ஒரு புதிய சுவர் எழுப்பலாம். சட்டங்களினிடையே கனிமப் பஞ்சு நிரப்பி, மேலே இரட்டை ஜிப்சம் பலகை அறைதல் வழக்கம். இரு சுவரையும் எங்கேனும் ஓர் ஆணி இணைத்தால், அவ்வாணியே அதிர்வுக்குப் பாலமாகிவிடும். அறையில் நான்கங்குலம் குறையும், செலவும் உண்டு. ஆகவே உறங்கும் அறைக்கு மட்டும் இதனைச் செய்தல் அறிவுடைமை.

யன்னலைப் பற்றியும் ஒரு சொல். காலி வீதி வாகனங்களின் இரைச்சலும், கரையோரப் புகையிரதத்தின் ஓசையும் சுவர் வழியாக வருவதில்லை; திறந்த யன்னல் வழியாகவே வருகின்றன. யன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் இரைச்சல். நமது நாட்டிலே இச்சிக்கலுக்கு முற்றான தீர்வில்லை. படுக்கையறையை வீதியின் மறுபக்கத்துக்கு மாற்றுதலே மலிவான வழி. மின்விசிறியின் ஒரே சீரான ஓசையும் சிறு ஓசைகளை மறைத்து உறக்கத்துக்கு உதவும்.

மேல்வீடும் கீழ்வீடும்

மோதலோசையின் நியாயம் விசித்திரமானது. தொல்லை கீழ்வீட்டாருக்கு, மருந்தோ மேல்வீட்டாரிடம். கீழே எத்தனை கூரைத் தட்டு அமைத்தாலும், அதிர்வு சுவர் வழியே இறங்கிவிடும். மேலேயோ ஒரு தடித்த விரிப்பு 20 டெசிபெலுக்கு மேலாகவும் தணித்துவிடக்கூடும். நமது நாட்டுத் தும்புப் பாயும் இறப்பரும் இதற்கெனவே பிறந்தவை எனலாம். கதிரை, மேசைக் கால்களுக்கு இறப்பர்க் குமிழ், உரலின் அடியிலும் சலவைப் பொறியின் அடியிலும் தடித்த இறப்பர் விரிப்பு, குழந்தைகள் ஓடும் கூடத்திலே தும்புப் பாய் ஆகிய இவ்வளவே போதும். கீழ்வீட்டாரின் நெஞ்சு குளிரும்.

ஆனால் மேல்வீட்டாருக்குத் தமது ஓசை கேட்பதில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அறியாமற் செய்கின்றார். தும்புத்தடியால் கூரையை இடிப்பதும், மின்தூக்கியிலே முகத்தைத் திருப்புவதும் அவருக்கு எதையும் அறிவிக்கா. மாலை நேரத்தில் ஒரு தட்டுப் பலகாரத்துடன் படியேறிச் சென்று பேசுதலே நன்று.

“தங்கச்சி, குறை நினைக்காதேயுங்கோ. இரவிலை கதிரை இழுபடுற சத்தம் கீழே எங்கடை அறையிலை பெரிசாக் கேட்குது. மூத்தவனுக்குச் சோதினை கிட்டுது.”

“ஐயோ அக்கா, எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒருக்கா வந்து நிண்டு கேட்டால்தான் விளங்கும். இவரையும் கூட்டிக்கொண்டு வாறன்.”

இவ்வாறு ஒருமுறை கீழே வந்து நின்று, தம் வீட்டுக் கதிரையின் முழக்கத்தைத் தம் காதாலே கேட்டவர், மறுநாளே இறப்பர்க் குமிழ் வாங்காது விடார். அதே வேளையில், நமக்குக் கீழேயும் ஒரு வீடு உண்டு. அங்கே மாவிடிக்கும் ஓசை நம்மிடமிருந்தே செல்கின்றது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு

இரைச்சல் பழகிவிடும் என்று ஆறுதல் கூறுவோர் உளர். பழக்கம் எப்பொழுதும் நன்மையன்று. நியூயோர்க் நகரிலே பெருவீதியொன்றின் மேலாகக் கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த பிள்ளைகளைக் கோகன், கிளாஸ், சிங்கர் என்னும் ஆய்வாளர் மூவர் ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டனர். இரைச்சல் மிகுந்த கீழ்மாடிகளில் நீண்டகாலம் வாழ்ந்த பிள்ளைகள், ஒத்த ஒலியுடைய சொற்களைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் மேல்மாடிப் பிள்ளைகளுக்குப் பின்தங்கியிருந்தனர். இரைச்சலைச் செவியேற்காது விடப் பழகிய பிள்ளை, பேச்சின் நுண்மைகளையும் செவியேற்காது விட்டுவிடுகின்றது போலும்.

அதே நகரிலே உயர்பாலப் புகையிரதப் பாதையை அடுத்திருந்த பாடசாலையொன்றிலும், பாதைப் பக்கத்து வகுப்பு மாணவர் வாசிப்பிலே பின்தங்கியிருப்பதை ஆர்லின் புரொன்சாவ்ற் 1975இல் எடுத்துக்காட்டினார். பின்னர் தண்டவாளத்தின்கீழ் இறப்பர்த் தகடும், வகுப்பறைகளில் ஒலியுறிஞ்சும் கூரைத் தட்டும் அமைக்கப்பட்டன. அதன்பின் இருபக்க மாணவருக்குமிடையே வேறுபாடு மறைந்தமையையும் அவரே 1981இல் வெளியிட்டார். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளை “படிக்க முடியவில்லை” என முறையிடின், அதனைச் சாக்கென்று தள்ளிவிடாதீர்கள். வீட்டின் மிக அமைதியான மூலையை அப்பிள்ளைக்குக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கின்றது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1996இல் ஆக்கப்பட்ட ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள், மாநகர, நகர சபை எல்லைகளில் பொதுவாகப் பகலில் 63, இரவில் 50 டெசிபெல் என வரையறுத்தன. மாலை ஆறு மணியிலிருந்தே இரவு தொடங்குவதாக அவை கொண்டன. இவ்வளவு ஒரு நிலத்தின் எல்லையைக் கடந்து வரும் ஓசைக்கு உரியது. வீட்டுச் சுவரின் தரத்தை அளப்பதன்று.

தொடர்மாடி மனைகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், மனையுரிமையாளர் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு இடமளிக்கின்றன. நீரிறைக்கும் பொறியின் அதிர்வு, பொதுக் குழாய்களின் முழக்கம், மின்தூக்கியின் ஓசை ஆகியவற்றை முதலில் அங்கேயே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அப்பாற் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை உண்டு. அயலவரோடு ஏற்படும் பிணக்குக்கு, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. எங்கே செல்வதாயினும், எந்நாள், எந்நேரம், எவ்வகை ஓசை என்று இரு வாரம் குறித்து வைத்த ஒரு கொப்பி, கோபச் சொற்கள் நூற்றினும் வலிமையுடையது.

வாங்குமுன் கேளுங்கள்

மனை வாங்க எண்ணுவோர் ஞாயிறு காலையன்றி, அயலவர் யாவரும் வீட்டிலிருக்கும் மாலை ஏழு மணிக்குச் சென்று பார்த்தல் நன்று. யன்னல்களை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பேசாது நில்லுங்கள். உடன் வந்தவர் ஒருவரை அடுத்த வீட்டிற் பேசவும், மற்றொருவரை மேல்வீட்டிற் கதிரை இழுக்கவும் செய்யுங்கள். இடைச்சுவர் எக்கல்லாற் கட்டப்பட்டது, எத்தனை அங்குலம், தளம்வரை செல்கின்றதா, தரையோட்டின்கீழ் மென்படை இட்டதா என்று கேட்டு, மறுமொழியை எழுத்திற் பெறுங்கள். இங்கிலாந்திலே 2003இல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள், புதிய வீடுகளின் இடைச்சுவர் குறைந்தது 45 டெசிபெலைத் தடுத்தல் வேண்டும் என்றும், கட்டி முடித்தபின் மாதிரி வீடுகளிற் சோதித்துக் காட்டவேண்டும் என்றும் விதித்தன. அத்தகைய சோதனைச் சான்றை இங்கும் வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், கட்டுவோரும் கொடுக்கத் தொடங்குவர். பளபளக்கும் தரையோட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு அதன் கீழுள்ள மென்படைக்குப் போதும். கட்டிய பின்னரோ பன்மடங்கு செலவாகும்.

தொடர்மாடி வாழ்வு நம்மவருக்கு இனித் தவிர்க்க முடியாதது. வளவும் வேலியும் மீண்டும் வரப்போவதில்லை. ஒரு வீட்டின் தரை மற்றொரு வீட்டின் கூரை. ஒருவர் வாங்கும் தும்புப் பாயே மற்றொருவரின் உறக்கம். சுவரைக் கனமாக்குவது கட்டுவோரின் கடமை. அடியை மென்மையாக்குவது குடியிருப்போரின் கடமை. இவ்விரண்டும் கூடுமாயின், நமது சுவர்களும் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்.